செயப்பாட்டு வினை

கதவில் ஒட்டியிருக்கும் பெயர்
மொழி உதவி மையம்.
உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
போன வருடம்வரை இங்கே குடியிருந்த
துடைப்பங்களின் வாடை.
ஹவாசா ஏரிக்கரையில் மராபூ நாரைகள்
மீன்குடலுக்குக் காத்து நிற்பதுபோல்
செவ்வாய் மாலை வெளியே ஒரு வரிசை:
மண்ணியல், பயிர் நோயியல், கொஞ்சம் இயற்பியல்.
யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
பல்வலிக்கு வந்தவர்கள் மாதிரி
கன்னத்தில் கை.

நானும் அந்த வரிசைக்காரன்தான்.
இரண்டாம் ஆண்டு வேதியியல் தாளில்
நிறம் மாறியதற்கு ‘அக்கவுன்ட்’ கேட்டிருந்தார்கள்.
காரணம் கேட்கிறார்கள் என்று தெரியாமல்
ஊற்றியது இத்தனை, சிந்தியது இத்தனை என
வரவு செலவு எழுதி
கூட்டியும் காட்டினேன்.
கூட்டல் சரி.
மதிப்பெண் பூஜ்யம்.
அடுத்த பருவமே மொழித்துறைக்கு ஓடியவன்
இப்போது இந்த நாற்காலியில்.

ததெலெச், மூன்றாம் ஆண்டு.
அவள் ஆய்வு வீசேயைப் பற்றி.
பார்வைக்கு வாழை. குலைக்காக யாரும் வளர்ப்பதில்லை.
தண்டையும் கிழங்கையும் புளிக்கவைத்தால் ரொட்டி.
வாடல் நோய் ஒரு தோட்டத்தில் புகுந்தால்
அடுத்த தோட்டத்துக்கு அதைச் சுமந்துபோவது
வெட்டுகிற கத்தி.

சிதாமாவில் சொல், என்றேன்.
இருபது நிமிடம் நிறுத்தவில்லை.
வெட்டிய காம்பில் மஞ்சள் பசை கசிவதை
விரலிடுக்கில் இழுத்துக் காட்டினாள்.
மேசை தோட்டமாயிற்று,
என் பேனா நோயுற்ற கன்று.
பிறகு தாளை நீட்டினாள்.
ஆங்கிலத்தில் அந்த இருபது நிமிடம்:
‘செடிக்கு நோவு. கத்தி கெட்டது.
நான் கத்தி சுடு. நான் வெட்டு.
மறுபடி நான் சுடு.’
ஓரத்தில் பேராசிரியரின் சிவப்பு மை:
தெளிவில்லை.

இப்படியில்லை, என்றேன்.
அறிவியலில் ஆள் வரக்கூடாது.
கத்தி சுடப்பட்டது.
காம்பு வெட்டப்பட்டது.
ஆங்கிலத்தில் ‘நான்’ ஒரே ஒரு செங்குத்துக் கோடு,
நட்டுவைத்த குச்சி.
பதினாலு குச்சியையும் நானே பிடுங்கினேன்.

‘அப்போ சுட்டது யாரு?’
‘அது முக்கியமில்ல.’

மின்சாரம் போனது.
வரிசையில் நின்ற டங்கிசோ
கைபேசி வெளிச்சத்தோடு உள்ளே வந்து
அவசரமாக ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.
உராய்வு ‘நெக்லிஜிபிள்’ என்று போட்டிருக்கிறதே,
இருக்கிறதா இல்லையா?
‘இருக்கு,’ என்றாள் ததெலெச் எனக்கு முன்னால்.
‘கணக்குல சேர்க்கமாட்டாங்க.’

அந்த வெளிச்சத்தில்தான்
மேசைமேல் அவள் வலது கையைப் பார்த்தேன்.
சுட்டுவிரலிலும் நடுவிரலிலும்
பாலாடைபோல் சுருங்கிய தோல்.
அறுபது கன்று,
ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தீ.
எப்போது என்று கேட்டேன்,
ஏதாவது கேட்கவேண்டுமே என்றுதான்.

‘பதினேழாவது கன்று.
அதுக்கப்புறம் இடது கையால வெட்டினேன்.
வெட்டு ஆழமா விழல.
நோய் கம்மியாத்தான் தொத்துச்சு.’

டங்கிசோ வெளிச்சத்தை அசைக்காமல் நின்றான்.
நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
நாற்பத்திநாலு கன்றுகளின் எண்கள்
சரிந்து இறங்கிக்கொண்டிருந்தன
காரணமே இல்லாமல்.

‘இதை ஏன் எழுதல?’
‘அதுக்கு இங்கிலீஷ் வரல,’ என்றாள்.
‘அதோட, ஆள் வரக்கூடாதுன்னீங்களே.’

‘அக்கவுன்ட்’ என்றால் காரணம்.
எட்டு வருடமாக எனக்குத் தெரியும்.

வெளியே வரிசை முணுமுணுத்தது.
மூன்று பேர் மூன்று பக்கமிருந்து
ஒரு வாக்கியத்தைத் தள்ளினோம்,
சேற்றில் இறங்கிய பஜாஜைத் தள்ளுவதுபோல்.
காலம் தப்பியது. முன்னிடைச்சொல் வழுக்கியது.
‘வெந்தது’க்கு அவள் ஒரு சொல் வைத்தாள்,
அது சமையலுக்கு ஆகிற சொல்.
வேறொன்று வைத்தோம்.

கடைசியில்
பதினேழாம் கன்றுக்கு முன்னால்
ஒரு குச்சியைத் திரும்ப நட்டேன்.
இருட்டில் எழுதியதால்
கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது.