தொண்ணூறு நொடி

காலை ஏழு இருபதுக்கு
வானொலியில் எனக்குத் தொண்ணூறு நொடி.
முன்னால் பற்பசை விளம்பரம்,
பின்னால் நேற்றைய மல்யுத்த முடிவுகள்.
நடுவில் நான்:
ஹர்புலாக் வட்டாரம், அடுத்த நான்கு நாட்கள்.

புதன், வெயில். பகலில் பதினான்கு டிகிரி.
வியாழன், பிற்பகலில் மேற்குக் காற்று, புழுதி,
நொடிக்குப் பதினெட்டு மீட்டர்.
வெள்ளி, பனி. இரவில் உறைநிலைக்குக் கீழே பதினொன்று.
சனி, தெளியும்.

தலைநகரிலிருந்து வந்த தாளில் இவ்வளவுதான்.
"வெள்ளாடுகளுக்கு இந்த வாரம் மயிர் வாராதீர்கள்"
என்பது தாளில் இல்லை.
மல்யுத்தக்காரர்களிடமிருந்து நாலு நொடி திருடி
அதையும் சொன்னேன்.

அப்போது வடக்கே முப்பது கிலோமீட்டரில்
சேவெல்மா ஓர் ஆட்டின்மேல் குனிந்திருந்தாள்.
மூன்று காலைச் சேர்த்துக் கட்டி
இடப்பக்கம் வாரி முடித்து
வலப்பக்கம் புரட்டப் போகையில்
என் குரல் கேட்டதாம்.
சீப்பைக் கீழே போட்டுக் கட்டை அவிழ்த்தாளாம்.
ஒரு விலாவில் மாசி, மறு விலாவில் சித்திரை,
அந்த ஆடு எழுந்து உதறிக்கொண்டு போனது.

ஏற்கெனவே வாரியவை இருபத்தாறு.
உள்மயிர் மூட்டையில்; உடம்பில் ஒன்றுமில்லை.
மூட்டையை மறுபடி ஆட்டில் ஒட்ட முடியாது.
வீட்டிலிருந்த துணியெல்லாம் வெளியே வந்தது:
மகனுக்குச் சின்னதாகிப்போன பள்ளி ஸ்வெட்டர்கள்,
நியாம்-ஓசோரின் பட்டாளத்துக் கோட்டு,
கழுத்துக்கு ஓட்டை போட்ட மாவுச் சாக்குகள்,
கிழட்டுக் கிடா ஒன்றுக்கு
(இதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்)
தன் கல்யாணச் சால்வை.

வியாழன் காற்று
சொன்ன மணிக்கே வந்தது.
என் கம்பத்தின் கிண்ணங்கள் சுழன்ற சுழலில்
தேநீரில் மண், நாக்கில் மண்,
கண்ணை மூடினால் இமைக்குள்ளும் மண்.

வெள்ளி விடிந்தது.
வானம் துடைத்து வைத்த தட்டு.
ஆறரைக்கே தொலைபேசி:
"எங்கே உன் பனி?
வழியில் குதிரை மாற்றுகிறதா?"
சிரித்தேன். வேறென்ன செய்ய.

தலைநகரமும் தாளை மாற்றியிருந்தது:
பனி வடக்கே விலகிவிட்டது, இங்கே வெயில்.
என் அழுத்தமானியின் முள்
நேற்றிரவிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.
விரலால் தட்டிப் பார்த்தேன்.
மேலும் ஒரு கோடு இறங்கியது.

ஏழு இருபது.
தாளில் இருந்ததைப் படித்தேன்.
அன்று யாரிடமும் எதையும் திருடவில்லை.

மேற்குப் பக்கம் ஒரு குடும்பம்,
பெயர் வேண்டாம்.
இருபதாம் தேதி வங்கித் தவணை,
வாசலில் வியாபாரியின் லாரி,
கிலோவுக்கு நல்ல விலை.
ஒரே பகலில் நாற்பது ஆடுகளை வாரினார்கள்.
வானொலி திறந்துதான் இருந்ததாம்.

பனி சனி இரவு வந்தது.

ஞாயிறு காலை படிவம் நிரப்பினேன்.
தரையில் பனி: பத்தொன்பது சென்டிமீட்டர்.
பார்வைத் தூரம்: ஐம்பது மீட்டர்.
குறைந்த வெப்பம்: மைனஸ் பதின்மூன்று.
கருவிப் பழுது: இல்லை.
"குறிப்புகள்" என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
அதில் முப்பத்தொன்று என்று எழுதினேன்.
எதில் முப்பத்தொன்று, எந்த அலகு என்று
தலைநகரம் கேட்டிருக்கிறது.
இன்னும் பதில் போடவில்லை.

சேவெல்மாவின் ஆடுகளில் இரண்டு போயின,
சாக்கு கட்டியவை.
பாதி வாரிய ஆடு இருக்கிறது.
காற்று எந்தத் திசையில் வந்தாலும்
மயிருள்ள பக்கத்தை அதற்குக் காட்டி நிற்கிறதாம்.
"உன் கருவியைவிட அது மேல்" என்றாள்.
இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

ஏழு பத்தொன்பது.
பற்பசை முடியப்போகிறது.
தாள் சொல்கிறது: திங்கள், இளவெயில். செவ்வாய், அதே.
முள் அசையாமல்தான் நிற்கிறது,
நின்றாலும் தட்டிப் பார்த்துவிட்டேன்.
அதையும் சொல்லப் போகிறேன்.
மல்யுத்தக்காரர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.