பக்கம் நாற்பத்தொன்று

மூன்றாம் சனிக்கிழமை. நாலு ரோட்டில்
ஃபிளக்ஸ் கடை மாடி.
ஒன்பது பேர், ஏழு நாற்காலி.
கர்த்தரா ஆண்டவரா என்பதிலேயே
முதல் ஒரு மணி நேரம் போய்விடும்.
பாஸ்டர் எப்பிராயீமுக்குக் கர்த்தர்.
இன்னாசிமுத்துவுக்கு ஆண்டவர்,
கோபம் வந்துவிட்டால் சேசுநாதர்.
தொகுப்பில் இரண்டும் இருக்கட்டுமே என்றேன்.
பொருளாளர் பேச்சை யார் கேட்டார்கள்.

டீ வந்த பிறகு
கோவிலூர் அமலோற்பவம் வாசித்தாள்.
புளி மண்டியில் கொட்டை எடுக்கிறவள்.
குழுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
பென்சிலால் எழுதியிருந்தாள்.
முட்டி மடங்காது அவளுக்கு.
பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது
தூணோடு தூணாக நிற்பாள்.
இங்கேயும் நின்றுதான் வாசித்தாள்.

அவள் கவிதையில் கிணறு இல்லை. போர்,
ஆயிரத்து இருநூறு அடி.
உச்சி வெயில், குடத்தோடு ஒருத்தி.
களைத்து வந்தவர் தண்ணீர் கேட்கிறார்.
அவள் சொல்கிறாள்:

வேணாம் சாமி, இது ஃபுளோரைடு தண்ணி.
குடிச்சா என்ன மாதிரி ஆயிடுவ.
பாரு, என் பல்லில் கறை.
செத்த நேரம் இரு.
ஒகேனக்கல் குழா ஒருநாள் விட்டு ஒருநாள்,
இன்னைக்கு மொறையான்னு பாத்துட்டு வரேன்.

குடத்தை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறாள்.
திரும்பி வரும்போது
குடத்தில் பாதி இல்லை.

அவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டாள்.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார்:
"ஜீவத்தண்ணீர் கொடுக்கிறவர் அவரல்லவா சகோதரி?"
"மொதல்ல கேட்டது அவர்தானுங்களே."
அதன் பிறகு அவர்
காலி டீ கிளாசை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீத்துஸ் டைப் செய்தான்.
மூன்று முறை மெய்ப்பு பார்த்தது நான்.
முந்நூறு பிரதி வந்து இறங்கியது.
பிரித்தேன், பக்கம் நாற்பத்தொன்று:
'என் பல்லில் கரை.'

வெளியீட்டு விழாவுக்குச் சேலத்துப் பேராசிரியர்.
அந்த ஒற்றை வரிக்குப் பன்னிரண்டு நிமிடம்.
உடலே நதியாகிவிட்டதாம்,
பற்கள் படித்துறையாம்.
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்,
வேறென்ன செய்ய.
முன்வரிசையில் அமலோற்பவம்
புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பந்தியில் போய் மன்னிப்புக் கேட்டேன்.
"நல்லாத்தான இருக்குது.
தண்ணி இருந்தா கரையும் இருக்கும்" என்றாள்,
அப்பளத்தை நொறுக்கியபடி.

நல்லாத்தான் இருக்கிறது.
ஆனால் கரைக்காக எவளும்
முந்தானையால் வாயைப் பொத்துவதில்லை.
பெண் பார்க்க வந்தவர்கள்
கரையைப் பார்த்து எழுந்து போவதில்லை.

என் கட்டிலுக்கடியில் விற்காத பிரதி நூற்று எழுபத்து மூன்று.
இரவுக்குப் பத்தாகத் திருத்துகிறேன்.
ர-வுக்குப் பக்கத்தில் இன்னொரு வளைவு.
மட்டக் காகிதம், மை ஊறுகிறது.
சில பிரதிகளில் எழுத்தே தெரியவில்லை,
ஒரு திட்டு மட்டும்.

நேற்று யாரும் கூப்பிடாமல் பாஸ்டர் வந்தார்.
சொந்தப் பேனா கொண்டுவந்திருந்தார், நீல மை.
கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து
இருபது பிரதி போட்டார்.
அவர் ற எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.
இருவரும் கவிதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
மாங்காய் விலை பேசினோம்.

ஒன்பதரைக்கு நிமிர்ந்து
"கொஞ்சம் தண்ணி" என்றார் எப்பிராயீம்.

கேன் காலி.
குழாயடிக்குப் போனேன் சொம்போடு.
இன்றைக்கு முறையா இல்லையா,
நினைவில்லை.