மேல்பாதி மட்டும்

பதினொரு ஜன்னல் என்று போனில் சொல்லியிருந்தார்.
எண்ணினால் பன்னிரண்டு.

காக்ஸ் டவுன், ரயில் பாதையை ஒட்டிய வீடு.
வயலட் தனசேகர் கதவைத் திறந்ததும் கேட்டார்,
"ஒரு ஜன்னல் என்ன விலைம்மா?"
எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள்,
முட்டை விலை கேட்பதுபோல.

செருப்பைக் கழற்றியபடியே ஆரம்பித்தேன்.
கதவு மாதிரி திறக்கிற ஜன்னல் இல்லை இது,
மேலும் கீழுமாக ஓடுகிற சாஷ்.
தேக்கு என்றால் ஒரு விலை.
யுபிவிசி அதில் பாதிகூட வராது,
வெள்ளைக்கு மட்டும்; மர நிறம் கேட்டால் ஏறும்.
கண்ணாடி ஒற்றையா இரட்டையா என்பது
ஈஸ்ட் ஸ்டேஷன் ரயிலை எத்தனை மணிவரை
வீட்டுக்குள் விடுவீர்கள் என்பதைப் பொறுத்தது.
மாடி ஜன்னலுக்குச் சாரம் கட்டணும்.
கொசுவலை தனி.
பழைய சட்டத்தைப் பெயர்க்கும்போது உதிர்கிற சுவருக்கு
யாரும் முன்கூட்டி விலை சொல்ல முடியாது.

இடப்பக்கம் பன்னிரண்டு மில்லி தாழ்வு.
அதற்கும் காசு.
இத்தனை வருஷம் உட்கார்ந்த வீடு
ஒரு பக்கம் இடுப்பைச் சாய்க்கத்தான் செய்யும்.

ஹாலில் நாலு ஜன்னலைத் தட்டிப் பார்த்தேன்.
மரம் திடம். கயிறுதான் அறுந்திருந்தது;
குண்டுகள் சுவருக்குள் விழுந்து கிடந்தன,
எந்த வருஷத்திலிருந்தோ.
"இதுக்கெல்லாம் கயிறு மாத்தினா போதும்."
சொல்லியிருக்கக் கூடாது.
இந்த மாத டார்கெட்டில் இன்னும் பாதி பாக்கி.

பன்னிரண்டாவது, சமையலறைக்குப் பின்னால்.
ஏழெட்டு முறை பெயின்ட் அடித்தே மூடியது.
எதிரே, கை நீட்டினால் எட்டாத தூரத்தில்,
இதே மரம், இதே அளவு, இன்னொரு ஜன்னல்.
அப்பா ஒரே மேஸ்திரியை வைத்துக் கட்டினாராம், இரண்டையும்.
"அது என் தம்பி ரூபன் வீடு" என்றார்,
அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

லேசரை நீட்டினேன்.
சிவப்புப் புள்ளி கண்ணாடியைத் தாண்டிப் போய்
அந்த வீட்டுத் திரைமேல் உட்கார்ந்தது.
1.31 மீட்டர்.
நான் கேட்காத அளவு.
திரை அசைந்தது. விரலோ, மின்விசிறியோ.
புள்ளியை அணைத்தேன்.

"திறக்காத கண்ணாடியா இதைப் போட்டா
பதினாறாயிரம் மிச்சம்மா.
ஸ்பிரிங், தாழ்ப்பாள், பிரஷ், வலை,
எல்லாமே நகர்றதுக்குத்தான் செலவு."

டீ வந்தது. சர்க்கரை போட மறந்த டீ.

"சாயங்காலம் இருமுவான்," என்றார்.
பிறகு வெகுநேரம் கழித்து,
"எது நகரும்னு சொன்னே?"
இரண்டு பாதியும் நகரும்.
கீழ்பாதி மட்டும் நகர்ந்தால் கொஞ்சம் மலிவு.
"மேல்பாதி மட்டும்?"

கேட்டலாகில் அப்படி ஒன்று இல்லை.

"மேல திறந்தா
சத்தம் வரும், மூஞ்சி வராதில்ல?"

பீன்யா ஃபேக்டரிக்கு போன் போட்டேன்.
கிரீஷ் சிரித்தான், கன்னடத்தில் ஏதோ சொன்னான்,
கால்குலேட்டரைத் தட்டினான்.
தனி ஆர்டர். தனி அச்சு.
இரண்டு பாதியும் திறக்கிற ஜன்னலைவிட
இது கூடுதல்:
இருபத்து மூவாயிரத்து எழுநூறு,
ஜிஎஸ்டி சேர்க்காமல்.

விலையைச் சொன்னேன்.
நியாயமாகப் பார்த்தால் அதிர்ந்திருக்கணும்.
"அந்த எழுநூறைக் கழிச்சுக்கோ," என்றார்.

படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது,
வழக்கமாகக் காலியாகவே அனுப்புவேன்.
எழுதினேன்: ஜன்னல் 12.
கீழே மங்கல் கண்ணாடி, அசையாது.
மேல்பாதி ஒன்பது அங்குலம் இறங்கினால் போதும்.

அட்வான்ஸை பீரோவிலிருந்து எடுத்து வந்தார்,
பழுப்பு உறை, ரப்பர் பேண்டு.
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
உறையின்மேல் பால்பாயின்ட் பேனாவில்
வக்கீல் என்று எழுதியிருந்தது.