ஒன்பது கிலோ

ஈரோட்டுக் கோர்ட்டில்
பதினாலு மாசக் கல்யாணம்
பதினோரு நிமிசத்தில் முடிந்தது.
வெளியே வந்ததும் தரணிதரன்
கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான்.
இஞ்சி போடச் சொல்ல மறந்துவிட்டான்.
அதையும் மனுவில் சேர்த்திருக்கலாம்.

சாமான் பிரித்ததில்
மிக்சி எனக்கு, ஜார் மூன்றும் அவனுக்கு.
யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.
அவன் அம்மா ஜாரைக் கழுவிக் கவிழ்த்திருந்த நேரம்
எங்க மாமா டெம்போவைக் கிளப்பிவிட்டார்.
திருப்பூரில் ஒரு மோட்டார் சும்மா கிடக்கிறது,
பெருந்துறையில் மூன்று ஜார் சும்மா கிடக்கின்றன.
சட்னி கடையில் வாங்குகிறேன்.

அனுப்பர்பாளையத்தில் மாடி வீடு.
அட்வான்ஸை எண்ணிக்கொண்டே ராக்கியண்ணன் கேட்டார்:
"ஏனுங் கண்ணு, வீட்டுக்காரரு என்ன பண்றாருங்?"
"பணம் எண்ணிட்டிருக்காருங்க" என்றேன்.
அவருக்குப் புரிய மூன்று நாளானது.
நாலாம் நாள் படியேறி வந்து
சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.
வாடகையில் ஒன்றும் குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால்
என் வாஷிங் மெஷினுக்கு அருள் வந்துவிடும்.
ஆடி ஆடி நடந்து
பாத்ரூம் வாசல்வரை வரும்.
கீழே அவர் சுவரில்
முருகன் காலண்டர் கூடவே ஆடுகிறதாம்.
"ரெண்டாளு புடிச்சா நிக்குமுங் கண்ணு" என்றார்.
சரிதான்.

அப்பறம் ஒருநாள்
கம்பெனியில் பனியன் சாம்பிள் எண்ணும்போது
காங்கேயத்து போட்டோக்காரர் பூபதி கூப்பிட்டார்.
"ஆல்பம் ரெடிங்க. சித்தெ லேட்டாயிப்போச்சு,
மனசுல வெச்சுக்காதீங்க.
மாப்பிள்ளைக்கு அடிச்சேன், எடுக்கல.
பாக்கி பன்னெண்டாயிரமுங்க."

விசயத்தைச் சொன்னேன்.
லைனில் கொஞ்ச நேரம்
வேறு யாருடையதோ கெட்டிமேளம் கேட்டது.
"அட, அதுக்குள்ளயேங்களா?" என்றார்
ஒரு ஆல்பத்தை ரெண்டரை வருசம் போட்ட மனுசன்.
பிறகு குரலைத் தணித்து,
"அடுத்ததுக்கும் நம்மளையே கூப்புடுங்க,
பாத்துப் பண்ணிக்கலாம்."

ஆறாயிரம் நான் அனுப்பினேன்.
ஆறாயிரம் அவன் அனுப்பினான்,
கூடவே ஒரு மெசேஜ்:
சின்ன ஜார் மூடி ஒடஞ்சுபோச்சு, சாரி.
நாங்கள் ரெண்டு பேரும்
சண்டையில்லாமல் கட்டிய முதல் பில் அது.

ஆல்பம் ஒன்பது கிலோ.
பெட்டி, பெட்டிக்குள் வெல்வெட் பை,
அட்டையில் பொன்னெழுத்தில் "என்றென்றும்".
ஏழாம் பக்கத்தில்
சுவிட்சர்லாந்துப் பனியில் நிற்கிறோம்.
போனது கொடிவேரி,
அதுவும் தண்ணீர் விடாத மாசம்.
கடைசிக்கு முந்தின பக்கத்தில், பந்தியில்,
கேமராவைப் பார்க்காமல்
எதற்கோ சிரிக்கிறேன்,
கடைவாய்ப் பல் தெரிய.
எதற்கென்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
இலையில் பாதி ஜிலேபி இருந்தது.

மூடித் தூக்கி
மெஷின் தலையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை
போர்வை, துண்டு, மூன்று சுடிதார்.
சுற்றியது. உறுமியது.
ஒரு அங்குலம் நகரவில்லை.
கீழேயிருந்து ராக்கியண்ணன்:
"ஏனுங் கண்ணு, மெஷின் ரிப்பேருங்களா?"

"இல்லீங்க,
ரெண்டாளு புடிச்சிருக்கோமுங்க!"

இது புரிய
எத்தனை நாளாகுமோ அவருக்கு.