இரண்டாம் கியர்

பதினெட்டு வருஷம்
காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி
குன்னூர் மலைப்பாதையில் இறங்கியவன் நான்.
ஏறும் கியரிலேயே இறங்கு:
அது ஒன்றுதான் எங்கள் வேதம்.

இப்போது கியர் இரண்டு உள்ளங்கை.
பிரேக்கும் அவையே.
அழுத்திப் பிடித்தால் கருகும் வாடை வராது,
தோல் வரும்.

'சமமான ரோடு சார்' என்பார்கள்.
நம்புவதில்லை.
நடப்பவர் கால்கள் சின்னச் சரிவையெல்லாம்
அவருக்கே சொல்லாமல் விழுங்கிவிடும்.
சட்டைப்பையில் ஒரு எலுமிச்சை வைத்திருக்கிறேன்.
தரையில் விட்டால் உண்மை சொல்லும்.
ஓடிப்போனால் பொறுக்கி வர
சந்தனராஜ்.
என் லாரியில் கிளீனராக இருந்தவன்.
இன்றும் கையில் மரக்கட்டையோடு பின்னால் வருவான்.
'அண்ணே, கட்டை போடட்டா?'

காட்சிமுனையில் மூன்றே படி.
காவலாளி நல்ல மனுஷன்.
'நாலு பேர் இருக்கோம், தூக்கிடலாம்' என்றார்.
நாலு பேர் தூக்க ஒரு நாள் வரும்,
அவசரமில்லை என்றேன்.
அவருக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

அடுத்த சீசனுக்குச் சாய்தளம் கட்டிவிட்டார்கள்.
எலுமிச்சை அதில் துள்ளித் துள்ளி ஓடி
சோளம் சுடுகிறவள் அடுப்பில் போய் நின்றது.
லோடு வண்டியே யோசிக்கும் ஏற்றம்.
நீல பெயின்ட்டில் வரைந்த நாற்காலிக்காரர் மட்டும்
விழாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகுதான் இது.
டீ பேக்டரிக்குப் பின்னால்
மலையின் இடுப்போடு வெட்டிய கொழுந்து வண்டிப் பாதை,
நிறுவைக் கொட்டகை வரை அறுநூறு மீட்டர்.
எலுமிச்சை வைத்த இடத்தில் இருந்தது.
'பார்க்க ஒண்ணுமில்லையேண்ணே' என்றான்.
சில்வர் ஓக். சொட்டும் குழாய்.
காய்ந்த காட்டெருமைச் சாணம்.

கைகளை எடுத்து மடியில் வைத்தேன்.
வண்டி நின்றது, நான் சொல்லாமலே.

மேடென்றால் கண் முன்சக்கரத்தில்,
இறக்கமென்றால் குழியில்.
லாரியிலும் அப்படித்தானே.
தினமும் வந்துபோன இந்த மலையை
நான் பார்த்ததே இல்லை,
ரோட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

எதிர்ச் சரிவில் யாரோ கவாத்து வெட்டும் சத்தம்
வெட்டிய பிறகே வந்து சேர்ந்தது.
மேகம் ஒன்று கொட்டகைக்குள் நுழைந்து
எடை போடாமல் வெளியே போனது.

குனிந்து பார்த்தால்
சக்கரத்துக்கடியில் கட்டை.
சரிவே இல்லையே, எடுடா என்றேன்.

'இருக்கட்டும். நீங்க பாருங்க'
என்று பீடி பற்றவைத்தான்.