பானட் மேல் பனி

ஞாயிறு காலை வானொலி சொன்னது,
அண்டர்பர்க்கில் பனி விழுகிறதாம்.
"அதுக்கு?" என்றார் அவர் போர்வைக்குள்ளிருந்து.
அதற்குள் நான் ஃபிளாஸ்க்கில் தேநீர் ஊற்றியிருந்தேன்.

வருஷத்தில் பத்து மாதம்
டர்பன் என்னை ஈரத்துணியாய்ப் பிழியும்.
மிச்சத்தை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் பார்த்துக்கொள்ளும்.
நாளைக்கு நானூறு விரிப்பு.
செத்தவர் படுத்ததும் பிறந்தது படுத்ததும்
ஒரே நீராவியில் மடிப்பேன்.
ஜூலையில்தான் என் முகம் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.
சாட்ஸ்வர்த் மேட்டில் பேருந்துக்கு நிற்கையில்
மூக்கு நுனி சில்லென்று
பேர் சொல்லிக் கூப்பிடும்.

அவருக்கு ஜூலை என்றால்
மூன்று சட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ்,
நான் திறந்த ஜன்னலை எழுந்து சாத்தும் ஓசை.
இருபத்தேழு வருஷமாக அந்த ஜன்னல்தான் சொல்கிறது,
எங்களில் யார் கடைசியாகத் தூங்கினோம் என்று.

வழியில் சொன்னேன்:
"தமிழைப் பாருங்க.
மனம் குளிர, கண் குளிர, வயிறு குளிர.
ஆடியில் கூழ் ஊற்றி
ஆத்தாளையே குளிரச் சொல்கிறோம்.
எரிச்சல், புகைச்சல், கொதிப்பு, காய்ச்சல்...
கெட்டதெல்லாம் சூட்டுப் பக்கம்."
பிரகாசன் சாலையை விட்டுக் கண் எடுக்கவில்லை.
"அந்த வார்த்தையெல்லாம் செஞ்சவன்
மீன் கிடங்கில் ஒரு ஷிஃப்ட் பார்த்ததில்லை."

ஹோவிக் தாண்டியதும் புல் வெளுத்தது.
மலையடியில் பாதி டர்பன் நின்றது:
ஃபீனிக்ஸ்காரர்கள் பிரியாணி அண்டாவோடு,
உம்லாசியிலிருந்து ஒரு குடும்பம் குளிக்கும் தொட்டியோடு,
ரப்பர் செருப்பில் குழந்தைகள்.
பனியோ, யாரோ கைதவறிச் சிந்திய
இடியாப்ப மாவு அளவுதான்.
போதும்.
ஷூவைக் கழற்றிவிட்டு நின்றேன்.
சுட்டது.
ஐம்பத்தொரு வயதில் வாய்விட்டுக் கத்தினேன்.

அவர் இறங்கவில்லை.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஹீட்டர் முன்னால் கை நீட்டி உட்கார்ந்திருந்தார்,
தீபாராதனைக்கு நிற்பவர் போல.
"உனக்குக் குளிர்விட்டுப் போச்சுடி!"

ஒரு உருண்டை பிடித்துக் கொண்டுபோய்
அவர் உள்ளங்கையில் வைத்தேன், விளையாட்டுக்கு.
உதறுவார் என்று நினைத்தேன்.
மூடிக்கொண்டார்.
மூடிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"ரெண்டு விரலுக்குத் தெரியலை" என்றார்.
"எந்த ரெண்டு?"
"சுண்டுவிரல், மோதிரவிரல்.
அஞ்சு வருஷமாச்சு."

அஞ்சு வருஷம்.
அந்தக் கையால்தான் சோறு பிசைந்தார்,
மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார்,
என் முதுகுக்குத் தைலம் தேய்த்தார்.
எந்த விரலுக்கு நான் தெரிந்தேன்,
எதற்குத் தெரியாமல் போனேன்?
மைனஸ் இருபத்தைந்தில் ஹேக் மீன் பெட்டிகள்;
கையுறை கிழிந்தால் புதுசு அடுத்த மாதம்தான்.
அவர் இதைச் சொன்ன ராத்திரி
நான் எதை மடித்துக்கொண்டிருந்தேன்?

எல்லாரும் செய்வதுபோல நாங்களும்
பானட் மேல் பனி அள்ளி வைத்தோம்.
அவர்தான் இறங்கிவந்து அதற்குத் தலை வைத்தார்.
காரட் இல்லை;
பச்சை மிளகாயில் மூக்கு.
மாரிட்ஸ்பர்க்கில் மூக்கு விழுந்தது.
வீடு வந்து சேர்ந்தபோது
நம்பர் பிளேட்டில் ஒரு சொட்டு தொங்கியது.
எதிர்வீட்டு ரொஜினி ஓடிவந்து,
"பனி எங்கே?" என்றாள்.
பிரகாசன் வைப்பரில் மாட்டியிருந்த மிளகாயை
எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அன்றிரவு ஜன்னல் திறந்திருந்ததா,
சாத்தியிருந்ததா, நினைவில்லை.
அந்த இரண்டு விரலையும்
என் அக்குளில் வைத்துக்கொண்டேன்.
சலவைக்கூடத்துச் சூடு
கடைசியில் அங்கேதான் தேங்கும்.
"தெரியுதா?"
"இல்லை."
எடுக்கவில்லை நான்.

விடிய நாலு மணி. அவருக்கு ஷிஃப்ட்.
வானொலி சொன்னது, இந்த வாரம் இன்னும் குளிருமாம்.
அவர் மூன்றாவது சட்டைக்குப் பொத்தான் போட,
அந்த இரண்டு விரலும் சும்மா நிற்பதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
கதவிடுக்கில் நுழைந்த காற்று
கன்னத்தைத் தொட்டது.
வெட்கமாக இருந்தது எனக்கு.
ஆனாலும் பிடித்திருந்தது.