செருப்புக் காவல்

அரியமான் போவோமென்று
உமையாள்தான் சொன்னாள்.
வருசத் திதி காலையிலேயே முடிந்துவிட்டது,
எள்ளும் இலையும் காக்கையும் எல்லாம்.
மத்தியானத்துக்குமேல் என்ன செய்வதென்று
யாருக்கும் தெரியவில்லை.

ஆம்னியில் ஆறு பேர்.
உன் இடத்தில்
புளிச்சோற்றுத் தூக்கும் தண்ணீர்க் கேனும்.
உச்சிப்புளி தாண்டியதும்
ஒரு மின்கம்பத்தைக் காட்டி
"இது அப்பா ஏறுனது" என்றான் கவின்.
அடுத்ததையும் காட்டினான்.
அதற்கடுத்ததையும்.
யாரும் மறுக்கவில்லை.
முப்பது கம்பம் வரை போனது.

அண்ணே,
புயலுக்கு மறுநாள் காற்றடங்குமுன்
கம்பத்து உச்சியிலிருந்து
பீடி கேட்டவன் நீ.
மின்சாரம் உன்னைத் தொட்டதில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாய்,
மூன்றாவது பொத்தானில் நின்றது.

உனக்குக் கடலென்றால் மட்டும் பயம்.
இது பெண்கடல், அடிக்காது,
முழங்கால் நனையவே அரைப் பர்லாங் நடக்கணும்
என்று எவ்வளவோ சொன்னோம்.
"நீங்க போங்க. செருப்ப யாரு பாக்குறது?"

சவுக்கு நிழலில்
எங்கள் செருப்புகளை வட்டமாகப் போட்டு
நடுவில் உட்கார்ந்திருப்பாய்.
மடியில் எங்கள் செல்போன்கள், என் வளையல்,
என் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி.
ஒவ்வொரு தடவை நாங்கள் கரையேறும்போதும்
எண்ணிச் சொல்வாய்:
"பன்னெண்டு. சரியா இருக்கு."
உன்னுடையது காலிலேயே கிடக்கும்,
ஓடவேண்டி வந்தால் என்று.

அப்படிப்பட்டவனைத்தான்
தேவிபட்டினத்தில் கரைத்தோம்.
இடுப்பளவுத் தண்ணீரில்
கவின் திரும்பி நின்று
கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விட்டபோது
எனக்குத் தோன்றியது இதுதான்:
செருப்பில்லாமல் இறக்கிவிட்டோமே.
யாரிடமும் சொன்னதில்லை.

"தேவிபட்டினத்துத் தண்ணி
இங்க வருமா அத்தை?"
தனுஜாவுக்கு ஏழு வயசு.
வரும் என்றேன்.
"எத்தனை நாளாகும்?"
காற்றைப் பொறுத்தது என்றார் வீட்டுக்காரர்,
பஸ் நேரம் சொல்கிற மாதிரி.
அவள் இரண்டு கையாலும் அள்ளினாள்.
பாசியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு
மறுபடி அள்ளினாள்.

உமையாள், உனக்குத் துணையாகக்
கரையிலேயே பதினாறு வருசம் உட்கார்ந்தவள்,
எல்லோருக்கும் முன்னால் போனாள்.
சேலையோடு கழுத்தளவு உட்கார்ந்தாள்.
"வெந்நி மாதிரி இருக்குடி" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இதுக்கா பயந்தாரு?"
அப்புறம் கையை ஓங்கித்
தண்ணீரை அறைந்தாள்.
"பாவி மனுசன்."
இன்னொரு அறை.
நான் தடுக்கவில்லை.

கரையில் செருப்புகள் தனியாகக் கிடந்தன.
யாரும் சொல்லாமலே
நடுவை விட்டு வட்டமாகத்தான்
கழற்றிப் போட்டிருந்தோம்.
காது கிழிந்த செவலை நாய் ஒன்று
அந்த நடுவில் வந்து நின்றது.
மோந்தது. உட்காரப் போகிறதென்று நினைத்தேன்.
கவினின் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு
சவுக்குத் தோப்புக்குள் ஓடியது.

ஈரத்துணியோடு ஆறு பேரும் விரட்டினோம்.
கண்ணாடி இல்லாத என் வீட்டுக்காரர்
வேறொரு நாயை விரட்டிப்போனார்.
என் மகன் பரணி சிரித்துச் சிரித்து
மணலில் விழுந்தான்.
உமையாளும்.
ஒரு வருசமாகிறது அந்தச் சத்தம் கேட்டு.

திரும்புகையில் இருட்டிவிட்டது.
ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு
கவின் தூங்கிப்போனான்.
வழியெல்லாம் கம்பங்களில் வெளிச்சம்.
உச்சிப்புளிக்கு முன்னால் இரண்டு மட்டும் எரியவில்லை.
வண்டியை நிறுத்தச் சொன்னாள் உமையாள்.
இறங்கிப்போய், செல்போன் வெளிச்சத்தில்
கம்பத்தின் நம்பரை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தாள்.
"காலைல ஆபீசுல சொல்லணும்."